ஜீப்புக்கு வெளியே இன்னும் எத்தனை பேர்?

கம்பத்தில் விடிவதற்கு முன்பே ஜீப் கிளம்பிவிடும். தூக்குவாளியில் சோறு, தலையில் துண்டு. கம்பம்மெட்டு வளைவுகளில் ஏறி, கேரள எல்லையைத் தாண்டி, இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்களுக்குப் பெண்கள் வேலைக்குப் போவார்கள். அவனுடைய அம்மாவும் அப்படிப் போனவர்தான்.

அந்த ஜீப்புக்கு ஒரு கணக்கு உண்டு. காலையில் 14 பேர் இறங்கினால், டிரைவர் மனதில் 14. மாலையில் ஒவ்வொருவராக ஏற ஏற, ஒவ்வொன்றாகக் குறையும். பூஜ்யம் வந்ததும் வண்டி கிளம்பும். பெயரெல்லாம் கேட்பதில்லை, எண்ணிக்கை மட்டும்தான்.

அவன் பத்தாம் வகுப்பு படித்தபோது, ஒரு மழை நாளில் அந்தக் கணக்கு பிசகியது. வேறு வண்டியில் வந்திருந்த ஒரு பெண், மழைக்குப் பயந்து இந்த ஜீப்பில் ஏறிக்கொண்டார். டிரைவர் கணக்கில் பூஜ்யம் வந்துவிட்டது. அம்மா முன்னால் இருப்பார் என்று பின்னால் இருந்தவர்களும், பின்னால் இருப்பார் என்று முன்னால் இருந்தவர்களும் நினைத்துக்கொண்டார்கள். அம்மாவோ காய்ச் சாக்கை எடை போட்டுக் கொடுத்துவிட்டு, அப்போதுதான் கை கழுவிக்கொண்டிருந்தார்.

ஓடி வந்து பார்த்தபோது, வழக்கமான மரத்தடியில் ஜீப் நின்றது. இருட்டு, மழை, தார்ப்பாய் மூடிய வண்டி. நம்பி ஏறிவிட்டார். பல வளைவுகள் தாண்டிய பிறகுதான் தெரிந்தது, அது போடிமெட்டு வழியாகப் போடிக்குப் போகிற வேறு ஜீப். போடியில் இறங்கி, பஸ் மாறி, அவர் வீடு வந்து சேர்ந்தபோது இரவு பத்து மணி. அதுவரை அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தான்.

இன்று அவன் பெங்களூரில் ஒரு நிறுவனத்தில், போன்களுக்கான கெர்னல் கோடு எழுதுகிறான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், சீனியர் ஒருவர் 'ரெஃபரன்ஸ் கவுண்டிங்' பற்றி விளக்கினார். அவனுக்கு அந்த மரத்தடிதான் நினைவுக்கு வந்தது.

ஆண்ட்ராய்டு போன்களின் அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல். நாம் ஒரு வீடியோவைத் திறந்தாலோ, நெட் இணைப்பு எடுத்தாலோ, அதற்கென்று மெமரியில் ஓர் இடத்தைக் கெர்னல் ஒதுக்குகிறது. அதே இடத்தைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம். அப்படியானால் அதை எப்போது காலி செய்வது? அதற்குத்தான் ஓர் எண். பயன்படுத்த வருபவர் ஒன்று கூட்ட வேண்டும். முடித்தவர் ஒன்று கழிக்க வேண்டும். பூஜ்யம் ஆனால் இடம் காலி. ஜார்ஜ் காலின்ஸ் என்பவர் 1960-லேயே எழுதிவைத்த யோசனை இது. லினக்ஸில் ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபைலை அழித்தாலும் படம் நிற்காமல் ஓடுவது இதனால்தான். கடைசி ஆள் மூடிய பிறகே இடம் காலியாகும்.

இதில் இரண்டு விதமாகத் தவறு நடக்கலாம். கழிக்க மறந்தால், ஆளில்லாத ஜீப் நின்றுகொண்டே இருக்கும். இது 'மெமரி லீக்', போன் திணறும். ஒன்றைக் கூடுதலாகக் கழித்துவிட்டால், ஆள் இருக்கும்போதே ஜீப் போய்விடும். அந்த இடம் வேறு யாருக்கோ ஒதுக்கப்படும். பழைய முகவரியை நம்பி வருகிற கோடு, அம்மாவைப் போல வேறு வண்டியில் ஏறிவிடும். இதற்கு 'யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ' என்று பெயர். ஹேக்கர்கள் காத்திருப்பது இதற்காகத்தான். அந்த மரத்தடியில் தங்கள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள்.

2016 ஜனவரியில் இப்படி ஒரு ஓட்டை வெளியே வந்தது. ரகசியச் சாவிகளைப் பாதுகாக்கும் 'கீரிங்' பகுதியில், ஒரு வழியில் மட்டும் எண்ணைக் கழிக்க மறந்திருந்தார்கள். 2013-ல் வெளியான 3.8 பதிப்பிலிருந்தே அந்தத் தவறு அங்கே இருந்தது. வெறும் லீக்தானே என்று விட முடியாது. அந்த எண் 32 பிட். பழைய வண்டிகளின் கிலோமீட்டர் மீட்டர் 99999-க்குப் பிறகு 00000 ஆவதுபோல, வேண்டுமென்றே சுமார் 429 கோடி முறை கூட்டினால் அது திரும்பப் பூஜ்யத்துக்கே வந்துவிடும். ஆள் இருக்கும்போதே ஜீப் கிளம்பிவிடும்! திருத்தம் என்னவோ ஒரே ஒரு வரிதான்.

அடுத்த ஆண்டு, 2017-ல், லினக்ஸ் 4.11-ல் 'ரெஃப்கவுண்ட்' என்ற புதிய ஏற்பாடு வந்தது. எண் உச்சத்தைத் தொட்டால் அங்கேயே உறைந்துவிடும். பிறகு கூடாது, குறையாது, அந்த இடம் காலியும் ஆகாது. கொஞ்சம் மெமரி வீணாகும். ஆனால் உள்ளே இருப்பவரின் இடம் பறிபோகாது. கணக்கில் நம்பிக்கை போய்விட்டால், வீணானாலும் பரவாயில்லை, விட்டுவிடாதே என்பதுதான் அதன் விதி.

இதையும் அவன் முன்பே பார்த்திருந்தான். அந்த இரவுக்கு மறுநாள் விடியற்காலையில், டிரைவர் வாசலில் தலையைக் குனிந்து நின்றார்.

"கணக்கு சரியாத்தான்க்கா இருந்துச்சு..."

"கணக்கு சரிதான் தம்பி. ஆளுதான் இல்ல" என்றார் அம்மா.

அதற்குப் பிறகு சின்னச் சந்தேகம் வந்தாலும் அவர் வண்டியை எடுப்பதில்லை. அரை மணி நேரம் தாமதமாகும். 'வீட்டுல அடுப்புப் பத்த வைக்கணும்' என்று பெண்கள் முணுமுணுப்பார்கள். அவர் அசைய மாட்டார்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. மறுநாள் காலை அனுப்ப வேண்டிய கோடில், ஒரே ஓர் இடத்தில் எண்ணைக் குறைப்பது சரியா தவறா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. ஊரிலிருந்து போன் வந்தது.

"இன்னும் வேலை முடியலையாய்யா?"

"ஒரு ஆளு கணக்குல இடிக்குதும்மா."

அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் யோசிக்காமல் சொன்னார்:

"அப்ப வண்டிய எடுக்காத."

அவன் எடுக்கவில்லை.