பதினெட்டுப் படி

என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஒரு வரி பொய். "கன்ட்ரோல் குழு எலிகள் எவ்விதத் தொந்தரவும் இன்றி வைக்கப்பட்டன." எழுதியவன் நான்தான்.

ஆய்வு சிக்கலானதல்ல. விஸ்டார் எலிகள் 24. பாதியை 21 நாள், தினமும் ஒரு மணி நேரம், திரும்பக்கூட இடமில்லாத பிளாஸ்டிக் குழாயில் அடைக்க வேண்டும். மீதியைச் சும்மா விட வேண்டும்; அதுதான் கன்ட்ரோல் குழு. பயந்த எலியின் அட்ரீனல் சுரப்பி கார்ட்டிகோஸ்டீரோனைச் சுரக்கும். நமக்குக் கார்ட்டிசால் எப்படியோ, எலிக்கு அது அப்படி. கூடவே அட்ரினலின் ஏறி, சேமித்து வைத்த கொழுப்பை உடைத்து ரத்தத்தில் இறக்கும். கல்லீரல் அதை வாங்கிப் பொட்டலம் கட்டி மறுபடி ரத்தத்துக்கே அனுப்பும். கொலஸ்ட்ரால் ஏறும் என்பது என் கணிப்பு.

கன்ட்ரோல் கூண்டுகளை மாடி அறையில் வைத்திருக்க வேண்டும். தினம் ஏறி இறங்கச் சோம்பல்பட்டு, எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்துக்கொண்டேன். தீனி போடும் அண்ணன் சொன்னார்: "தம்பி, அதுங்கள மேல கொண்டுபோயிடுங்க. பக்கத்துல இருந்தா இதுங்களும் மிரளுது."

"எலிக்கு என்னண்ணே தெரியப்போகுது?" என்றேன்.

மிரண்ட எலி 22 கிலோஹெர்ட்ஸ் அளவில் கத்தும். மனிதக் காதுக்கு எல்லை 20. அந்த அறையில் கத்தல் கேட்காத ஒரே கூட்டம் நாங்கள், மனிதர்கள்தான். ஆனால் கன்ட்ரோல் எலிகள் கூண்டின் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒடுங்கிக் கிடந்ததை என் கண் பார்த்தது. பார்த்தும் விட்டுவிட்டேன்.

முடிவு வந்தது. இரண்டு குழுவுக்கும் கொலஸ்ட்ராலில் வித்தியாசமில்லை. கன்ட்ரோல் எலிகளிலும் கார்ட்டிகோஸ்டீரோன் எகிறியிருந்தது. விஷயம் அப்போதே புரிந்துவிட்டது. ஆனாலும் கைடிடம் "கார்ட்டிகோஸ்டீரோன் அளக்கிற கிட் சரியில்லை சார்" என்று சொல்லி, அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டேன். மன அழுத்தத்துக்கும் கொலஸ்ட்ராலுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பில்லை என்று எழுதினேன். வைவாவில் யாரும் கேட்கவில்லை.

1980-இல் அமெரிக்காவில் ராபர்ட் நெரெம் குழு முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் கலந்த தீனி போட்டது. தினமும் தடவிக்கொடுத்துப் பேசி வளர்த்த முயல்களின் ரத்தக்குழாயில் மற்ற முயல்களைவிடப் படிவு 60 சதவீதம் குறைவு. இத்தனைக்கும் ரத்தக் கொலஸ்ட்ரால் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வளர்க்கிறவன் கையும் சோதனையில் சேர்த்தி என்று காட்டிய ஆய்வு அது. எனக்குத் தெரியாததல்ல. என் ஆய்வேட்டின் முன்னுரையில் மேற்கோள் காட்டியிருக்கிறேன்.

ரத்தமும் கல்லீரலும் எடுக்க 24 எலிகளையும் கொன்றேன். மாடிக்கு மொத்தம் 18 படி.