எண்கள் சொல்வதும் செவி கேட்பதும்

பங்குத் தந்தையிடம் மக்கள் கேட்கும் ஆலோசனைகளுக்கு எல்லையில்லை. மகளுக்கு வந்திருக்கும் வரனைப் பற்றிக் கேட்பார்கள். மகனை எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம் என்று கேட்பார்கள். பாடற்குழுவோடும் ஒலிபெருக்கிகளோடும் நாம் நெடுங்காலம் பழகி வந்திருப்பதால், "சாமி, இந்த சி.டி. பிளேயரை வாங்கலாமா?" என்ற கேள்வியும் இடையிடையே நம்மிடம் வருவதுண்டு.

கைப்பேசியிலேயே பாடல் கேட்கும் இக்காலத்தில் இக்கேள்வி எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். புதுச்சேரியின் நிலை சற்று வேறானது. பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற 'சொல்தா' குடும்பங்கள் இங்கே உண்டு. பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் கொண்டுவந்த குறுந்தகடுகள் பல இல்லங்களில் அலமாரி நிறைய அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைக் கேட்பதற்கான பிளேயரைச் சிலர் அங்கிருந்தே தருவிக்கின்றனர். சிலர் நம் நகரின் ஞாயிற்றுச் சந்தையில் பழையதாகத் தேடிப் பிடிக்கின்றனர். எவ்வழியில் வாங்கினாலும், நம்மிடம் வருவோர் முதலில் எடுத்து நீட்டுவது ஒரு தாளைத்தான். அதில் எண்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். "இதில் 96 என்றிருக்கிறது, அதில் 110 என்றிருக்கிறது. எது மேல்?" என்று கேட்பார்கள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் சொல். அதற்காக ஏட்டைக் கிழித்தெறிந்துவிடுவதும் அறிவுடைமை ஆகாது. எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்று தெரிந்துகொள்வதே முறை.

குறுந்தகட்டை ஹாலந்து நாட்டின் பிலிப்ஸ் நிறுவனமும் ஜப்பானின் சோனி நிறுவனமும் கூடி உருவாக்கின. 1982ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளன்று ஜப்பானில் முதல் பிளேயர் விற்பனைக்கு வந்தது. இசையானது நொடிக்கு 44,100 முறை அளந்தெடுக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகத் தகட்டில் குறிக்கப்படுகிறது. இந்த ஏற்பாட்டிலிருந்தே தாளில் காணும் முதன்மையான எண்கள் பிறக்கின்றன. 44,100இல் பாதிக்குச் சற்றுக் குறைவான 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைத் தகடு ஏந்தும். 65,536 படிகள் இருப்பதால், மிக உரத்த ஒலிக்கும் மிக மெல்லிய ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபல் வேறுபாடு கிடைக்கும். இவை தகட்டின் இயல்பிலேயே அடங்கியவை. ஆதலால் ஒழுங்காகச் செய்யப்பட்ட எந்தப் பிளேயரும் இவ்வெண்களுக்கு அருகில் வந்துவிடும். ஒன்றில் ஒலிச்சிதைவு 0.003 விழுக்காடு என்றும் மற்றொன்றில் 0.005 விழுக்காடு என்றும் இருந்தால், அவ்வேறுபாட்டைக் கருவி கண்டுகொள்ளும், காது கண்டுகொள்ளாது.

இனி இவ்வெண்களை நம் வீட்டுக் கூடத்திற்குக் கொண்டுவந்து பார்ப்போம். கோடையில் மின்விசிறி இல்லாமல் புதுச்சேரியில் யார் அமர்ந்து பாட்டுக் கேட்கிறார்கள்? விசிறியின் ஓசையே ஏறத்தாழ 50 டெசிபல் இருக்கும். தெருவில் செல்லும் வண்டிகளின் ஆரவாரம் வேறு. 96க்கும் 110க்கும் உள்ள வேறுபாடு அந்த விசிறிக் காற்றிலேயே அடித்துக்கொண்டு போய்விடுகிறது. செவியின் நிலையும் எண்ணத்தக்கது. வயது ஏற ஏற, நுண்ணிய உச்ச ஒலிகள் முதலில் மறைகின்றன. ஐம்பதைக் கடந்த நம்மைப் போன்றோர்க்கு 12,000 அல்லது 13,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பது அரிது. இதனால் வருந்த வேண்டியதில்லை. பியானோவின் கடைசிக் கட்டையின் சுரமே ஏறத்தாழ 4,186 ஹெர்ட்ஸ்தான். நாம் அன்பு செய்யும் பாடல்களின் உயிர் அதற்கும் கீழேதான் இருக்கிறது.

எண்ணைக் கொண்டு மட்டும் தீர்ப்பளிப்பது எவ்வளவு வழுக்கலானது என்பதற்கு, அந்த முதற்காலப் பிளேயர்களே சான்று. சோனியின் முதற்பிளேயரில் 16 பிட் மாற்றி இருந்தது. பிலிப்ஸின் முதற்பிளேயரில் இருந்ததோ 14 பிட் மாற்றி. தாளை மட்டும் பார்ப்பவர் 16 பெரிது, 14 சிறிது என்று உடனே முடிவு கட்டுவார். உண்மையில், பிலிப்ஸ் பொறியாளர்கள் ஒலியளவுகளை நான்கு மடங்கு வேகத்தில் வடிகட்டிக் கொடுத்து, அந்த 14 பிட் மாற்றியிடமிருந்தே 16 பிட்டுக்கு ஒப்பான பலனை வாங்கினார்கள். சோனியின் பிளேயரிலோ இடப்புறத்திற்கும் வலப்புறத்திற்கும் ஒரே மாற்றி மாறி மாறி வேலை செய்தது. இவற்றுள் எதுவும் '16', '14' என்ற இரு எண்களில் தெரியாது. கேட்டவர்களுள் பிலிப்ஸை விரும்பியவர்களும் உண்டு. சோனியை விரும்பியவர்களும் உண்டு.

மேற்கூறியவை உண்மையான எண்கள். வேறு சில எண்கள் உண்மையை மறைப்பதற்கென்றே அச்சிடப்படுகின்றன. 1990களில் நம் கடைத்தெருக்களில் விற்ற பாட்டுப் பெட்டிகளின் நெற்றியில் '1000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று பொன்னெழுத்தில் பொறித்திருந்ததைப் பலரும் நினைவுகூர்வீர்கள். அதே பெட்டியின் முதுகுப்புறத்தில், அது இழுக்கும் மின்சாரம் 25 அல்லது 30 வாட் என்று சிறிய எழுத்தில் இருக்கும். 30 ரூபாய் வரவுள்ளவன் நாள்தோறும் 1000 ரூபாய் செலவிடுவது எங்ஙனம்? ஓர் இமைப்பொழுதில் எழும்பக்கூடும் என்று கணக்கிட்ட உச்சத்தை இடைவிடாத ஆற்றல்போல் காட்டியதே இதன் சூட்சுமம். அமெரிக்காவிலும் இத்தகைய மிகைக்கூற்றுகள் பெருகியதால், அந்நாட்டு வணிக ஆணையம் 1974ஆம் ஆண்டிலேயே பெருக்கிகளின் ஆற்றலைத் தொடர்ச்சியான அளவில் குறிப்பிட வேண்டும் என்று விதி வகுத்தது. ஆகவே வாட் என்று கண்டால், 'ஆர்.எம்.எஸ்.' என்ற மூன்றெழுத்து அருகில் இருக்கிறதா என்று நம் மக்கள் பார்த்துக்கொள்வது நலம்.

அப்படியாயின் தாளை ஒதுக்கிவிட்டுச் செவியை மட்டும் நம்பலாமா? செவியும் எளிதில் ஏமாறுவதே. இரு பிளேயர்களுள் ஒன்று சிறிதளவே உரக்க ஒலித்தாலும், அதுவே தெளிவானது, இனியது என்று செவி சாதிக்கும். விலையைக் கேட்ட பின்னர் செவிக்கு இன்னும் கூர்மை வந்துவிடும்! அமெரிக்காவில் 1915ஆம் ஆண்டு முதல் எடிசன் நிறுவனத்தார் ஊர் ஊராகச் சென்று ஒரு காட்சி நடத்தினர். மேடையில் பாடகி பாடுவார், விளக்கு அணைக்கப்படும், அவர் நிறுத்திவிட இசைத்தட்டு தொடரும். பாடியது மனிதரா, தட்டா என்று தெரியவில்லை எனக் கூட்டத்தினர் வியந்தனர். அக்காலத்து இசைத்தட்டை இன்று கேட்டால் நாம் ஒருகணமும் ஏமாறமாட்டோம். பாடகியருள் சிலர் தட்டின் ஒலிக்கு ஒத்துவரும்படி தம் குரலை அமைத்துக்கொண்டதும் அவ்வியப்புக்கு ஒரு காரணம்.

2007ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சார்ந்த மேயர், மோரன் என்னும் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குறுந்தகட்டைவிட உயர்ந்த எண்களைக் கொண்ட புதுவகைத் தகடுகளின் ஒலியையும், அதே ஒலியைக் குறுந்தகட்டின் அளவுக்குக் குறைத்ததையும், எது எதுவென்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கேட்கச் செய்தனர். 554 முறை கேட்டதில் சரியாகச் சொன்னது 276 முறை. காசைச் சுண்டிப் போட்டுச் சொன்னாலும் இவ்வளவு சரியாக வந்திருக்கும். இவ்வாய்வில் குறை கண்டோரும் உண்டு. 2016இல் இலண்டனைச் சார்ந்த ரைஸ் என்னும் பேராசிரியர் பல ஆய்வுகளை ஒருங்கே தொகுத்துப் பார்த்து, சிறிதளவு வேறுபாடு உணரப்படுகிறது என்றும், பயிற்சி பெற்றோர்க்கு அது சற்றுக் கூடுதல் என்றும் முடிவு கண்டார். எவ்வாறாயினும் வேறுபாடு நூலிழைதான். அதற்குக் கேட்கப்படும் விலையோ வடக்கயிறு.

நம் பங்கில் ஒருமுறை இதனை நாமே சோதித்தோம். பிரான்சிலிருந்து வந்த விலையுயர்ந்த பிளேயர் ஒன்றையும், சந்தையில் வாங்கிய சாதாரணப் பிளேயர் ஒன்றையும் மேசைமேல் வைத்து, வெள்ளைத் துணியால் மூடினோம். ஒலியளவை இரண்டிற்கும் சமமாக்கினோம். பாடற்குழுவினரும் சில குடும்பத்தினரும் தமக்கு இனித்தது எதுவென்று சீட்டில் எழுதித் தந்தனர். ஏறத்தாழ பாதிப்பேர் ஒன்றையும் மீதிப்பேர் மற்றதையும் எழுதியிருந்தனர். ஒருவர் இருமுறையும் ஒரே பிளேயரைக் கேட்டுவிட்டு, இரண்டாவது மிகச் சிறந்தது என்று உறுதியாக எழுதியிருந்தார்! பின்னர், பிளேயரை மாற்றாமல் ஒலிபெருக்கிகளை மட்டும் மாற்றினோம். அப்போது அங்கிருந்த சிறுவர் உட்பட அனைவரும் வேறுபாட்டைக் கண்டுகொண்டனர். ஒலிபெருக்கியைச் சுவரின் மூலையிலிருந்து இரண்டடி முன்னே நகர்த்தியபோதும் கண்டுகொண்டனர். பணத்தைப் பிளேயரில் கொட்டிவிட்டு ஒலிபெருக்கியில் சிக்கனம் பிடிப்போர் இதனைக் கருத வேண்டும்.

பதிவின் தரம் மற்றொன்று. ஸ்பெயின் நாட்டின் சிலோஸ் மடத்தைச் சார்ந்த ஆசீர்வாதப்பர் சபைத் துறவியர் பாடிய கிரகோரியன் கீதங்கள் 1994ஆம் ஆண்டில் குறுந்தகடாக வந்து, உலகெங்கும் இலட்சக்கணக்கில் விற்றன. ஆனால் அவை 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் பதிவு செய்யப்பட்டவை. பிளேயரின் எண் எவ்வளவு உயர்ந்தாலும் அன்றைய பதிவில் இல்லாததை அது தர இயலாது. அத்துறவியரின் குரல் கேட்டு நெஞ்சம் அமைதியுற்றவர்கள் எவரும் அந்த எண்ணைத் தேடவும் இல்லை.

இவ்விஷயத்தில் நம் மனத்தில் ஆழப் பதிந்தது வேறொரு நிகழ்ச்சி. நம் பங்கைச் சார்ந்த முதிய தாய் ஒருவர். கணவர் பல்லாண்டுகள் பாடற்குழுவில் பாடியவர். அவர் மறைந்தபின், பழைய ஒலிநாடா ஒன்றில் இருந்த அவருடைய குரலை அயல்நாட்டில் உள்ள மகன் தகட்டில் ஏற்றி அனுப்பினார். அன்னை நன்றாகக் கேட்க வேண்டுமென்ற பாசத்தால், எண்களையெல்லாம் ஒப்பிட்டு, ஒரு காலத்தில் புகழ்பெற்றிருந்த உயர்வகைப் பிளேயர் ஒன்றையும் வாங்கி அனுப்பினார். அந்தப் பிளேயரோ தகட்டை ஏற்கவே மறுத்தது. தகடு இல்லை என்று எழுத்துக் காட்டியது.

காரணம் எளியது. கடையில் விற்கும் அச்சுத்தகடு தன்மேல் படும் ஒளியில் 70 விழுக்காட்டிற்கு மேல் திருப்பி அனுப்பும். மகன் பயன்படுத்தியதோ அழித்து அழித்து எழுதத்தக்க வகைத் தகடு. அது திருப்பி அனுப்புவது 15 முதல் 25 விழுக்காடுதான். பழைய பிளேயர்களுள் பல அந்த மங்கிய ஒளியைப் படிக்க மாட்டா. எழுதத்தக்க தகடுகளைப் படிக்குமா என்னும் ஒரு வரி, மகன் ஒப்பிட்ட தாளில் எங்கும் இல்லை.

பங்கு இல்லத்தில் மறைக்கல்வி வகுப்பிற்காக வைத்திருந்த மலிவான டி.வி.டி. பிளேயரில் அத்தகட்டை இட்டோம். உடனே படித்தது. நாடாவின் இரைச்சல், யாரோ நாற்காலியை இழுக்கும் ஓசை, பின்னர் ஓர் இருமல், அதன்பின் பாட்டு. பாட்டு முடிந்ததும் அந்தத் தாய், "சாமி, பாட்டுக்கு முன்னாலே இருமுவாரே, அதை இன்னொரு தரம் போடுங்க" என்றார். மும்முறை போட்டோம். எத்தனை டெசிபல் என்று யார் கேட்டார்கள்? அந்தப் பிளேயரை அவர் இல்லத்திற்கே அனுப்பிவிட்டு, வகுப்பிற்கு வேறொன்று தேடிக்கொண்டோம்.

ஆகவே நம் குடும்பங்களுக்கு நாம் கூறுவது இதுதான். தாளில் கட்டாயம் பார்க்க வேண்டியவை சில உண்டு. நம் மின்சாரமாகிய 230 வோல்ட்டுக்கு ஏற்றதா? பிரான்சிலிருந்து வருவது பெரும்பாலும் ஏற்கும், செருகியை மட்டும் மாற்ற வேண்டும். அமெரிக்கப் பிளேயர் 120 வோல்ட்டுக்கே ஆனதா என்று பார்க்க வேண்டும். டி.வி.டி.யாயின் ஐரோப்பாவின் மண்டல எண் 2, இந்தியாவின் எண் 5, இரண்டையும் படிக்குமா? எழுதத்தக்க தகடுகளை ஏற்குமா? கடற்காற்றின் உப்பும் ஈரமும் பொருள்களை அரிக்கும் நம் ஊரில், பழுதானால் பார்த்துத் தருவார் உண்டா?

இவற்றைப் பார்த்தபின் தாளை மடித்து வைத்துவிட்டு, வீட்டிலிருந்து நன்கு பழகிய தகடு ஒன்றை எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். கீறல் விழுந்த தகடு ஒன்றும் உடன் இருக்கட்டும். ஒலியளவைச் சமமாக்கி, விலையைக் கேட்குமுன் கேளுங்கள். அவசரப்படாமல் ஒரு முழுப் பாடலையாவது கேளுங்கள். வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். கேட்கப் போவது அவர்களுடைய செவியும் அல்லவா? எல்லாவற்றிற்கும் முன்னதாக, யாருடைய குரலைக் கேட்பதற்காக இதை வாங்குகிறோம் என்று வீட்டில் ஒருமுறை பேசிக்கொள்ளுங்கள். அக்குரல் இருக்கும் தகட்டைப் பிளேயரில் இட்டுக் கேட்ட பின்னரே பணத்தைக் கொடுங்கள்.