சம்பா தேசத்துச் சிவாலயங்கள்: எந்த வாயில் வழியே செல்வது?

வியட்நாம் நாட்டின் நடுப்பகுதியில், டா நாங் நகரிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், மலைகள் சூழ்ந்த பசும் பள்ளத்தாக்கு ஒன்றில் செங்கற் கோயில்கள் பல சிதைந்தும் சிதையாமலும் நிற்கின்றன. மி சோன் என்று இன்று வழங்கும் இத்தலம், ஒரு காலத்தில் சம்பா நாட்டு மன்னர்கள் வழிபட்ட பத்ரேசுவரர் எழுந்தருளியிருந்த இடம். 4ஆம் நூற்றாண்டில் பத்ரவர்மன் என்னும் மன்னன் தன் பெயரோடு ஈசுவரன் என்னும் திருநாமத்தைச் சேர்த்துச் சிவபெருமானை இங்கே பிரதிஷ்டை செய்தான். பின்வந்த மன்னர்கள் பல நூற்றாண்டுகள் தொடர்ந்து கோயில்களை எழுப்பினர். அவர்களுடைய கல்வெட்டுகள் வடமொழியிலும் சாம் மொழியிலும் உள்ளன.

1969ஆம் ஆண்டுப் போரில் வீழ்ந்த குண்டுகள் இங்கிருந்த மிக உயர்ந்த கோயிலைத் தரைமட்டமாக்கின. எஞ்சியவற்றை யுனெஸ்கோ 1999இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. நம் நாட்டுத் தொல்லியல் துறை அங்குத் திருப்பணி செய்துகொண்டிருந்தபோது, 2020ஆம் ஆண்டு மே மாதம், 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிவலிங்கம் ஒன்று மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. ஒரே மணற்கல்லில் வடித்த அத்திருமேனியின் படம் நாளிதழ்களில் வெளியானபோது, அதைக் கண்ணாரக் காண வேண்டும் என்னும் ஆவல் அடியார் பலருக்கு எழுந்தது.

மி சோனில் இன்று நித்திய பூஜை இல்லை. ஆயினும் சம்பா நாட்டுத் தலங்கள் யாவும் அவ்வாறு வெறுமையாகி விடவில்லை. நா திராங் நகரில், காய் ஆற்றங்கரைக் குன்றின்மேல் போ நகர் அம்மன் கோயில் உள்ளது. 774ஆம் ஆண்டில் கடல் வழியே வந்த பகைவர் இக்கோயிலைத் தீக்கிரையாக்கினர் என்றும், சத்தியவர்மன் என்னும் மன்னன் 784இல் இதனை மீண்டும் எழுப்பினான் என்றும் கல்வெட்டு கூறுகிறது. பத்துத் திருக்கரங்களுடன் அமர்ந்த அம்பிகைக்கு இன்றும் ஆடை சாத்தி, தூபம் ஏற்றி, பழங்கள் படைத்து வழிபடுகின்றனர். சாம் மக்களின் தேவியாகிய இவளை வியட்நாமியரும் தங்கள் அன்னையாகவே கொண்டாடுகின்றனர்.

அங்கிருந்து தெற்கே சென்றால் பான் ராங். ஊருக்கு வெளியே ஒரு குன்றின்மேல் போ க்ளோங் கராய் ஆலயம் நிற்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி ஜயசிம்மவர்மன் எழுப்பியது. வாயிலின் மேலே நடமாடும் சிவபெருமான், உள்ளே முகலிங்கம், முன்மண்டபத்தில் நந்தி. விளைச்சல் செழிக்க வேண்டும் என்று உழவர்கள் அந்த நந்தியின் முன் பசுந்தழைகளையும் பாக்கையும் வைத்து வேண்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு. சாம் நாள்காட்டியின் ஏழாம் மாதத்தில் நிகழும் காத்தே திருவிழாவின்போது சாம் இந்துக்கள் குன்றேறி வந்து, சுவாமிக்கு நீராட்டிப் புத்தாடை சாத்துகின்றனர். இவ்விழா பெரும்பாலும் செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ அமையும்.

யாத்திரை நிறைவுறும் ஹோ சி மின் நகரம், பழைய சைகோன், தமிழர்க்கு அயலூர் அன்று. பென் தான் சந்தைக்கு அருகே 19ஆம் நூற்றாண்டில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயில் உள்ளது. நகரத்தார் கொண்டுவிற்கச் சென்ற இடமெல்லாம் கொண்டாடிய தண்டாயுதபாணிக்கும் அந்நகரில் ஓர் ஆலயம் உண்டு.

இத்தலங்களைத் தரிசிக்க விரும்பும் இந்தியக் குடிமக்களுக்கு விசா தேவை. அதனைப் பெற இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, வியட்நாம் அரசின் குடிவரவுத் துறை நடத்தும் வலைத்தளத்தின் வழியே பெறும் இணையவழி விசா. மற்றொன்று, புது தில்லியிலுள்ள தூதரகத்திலோ மும்பையிலுள்ள துணைத் தூதரகத்திலோ கடவுச்சீட்டைச் சமர்ப்பித்துப் பெறும் விசா. எது எளிது, எது மலிவு என்றே பலரும் முதலில் வினவுகின்றனர். ஆனால், எந்தெந்த ஊர்களுக்கு, எந்த வரிசையில், எத்தனை முறை எல்லை கடந்து செல்கிறோம் என்பதே முதலில் தீர்மானிக்க வேண்டியது. வழி தெளிந்தால் விசா தானே தெளியும்.

வியட்நாமுக்கு மட்டும் சென்று திரும்புவோர்க்கு இணையவழி விசாவே போதுமானது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 முதல் இந்த விசா 90 நாட்கள் வரை செல்லுபடியாகும்படி வழங்கப்படுகிறது. ஒருமுறை நுழைவதற்கு 25 அமெரிக்க டாலர். பலமுறை நுழைவதற்கு 50 டாலர். விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும் இத்தொகை திரும்பி வாராது. கடவுச்சீட்டின் முகப்புப் பக்கமும் ஒரு புகைப்படமும் போதும். கடவுச்சீட்டை எங்கும் அனுப்ப வேண்டுவதில்லை. அது வீட்டுப் பீரோவிலேயே இருக்கும். மி சோனுக்கு உரிய டா நாங் விமான நிலையம், நா திராங்குக்கு உரிய காம் ரான் விமான நிலையம், சைகோனுக்கு உரிய தான் சோன் நியாத் விமான நிலையம் ஆகிய மூன்றும் இவ்விசாவை ஏற்பவை.

முதியோர் பலர் வியட்நாமோடு கம்போடியாவையும் சேர்த்தே யாத்திரை வகுக்கின்றனர். இரண்டாம் சூரியவர்மன் 12ஆம் நூற்றாண்டில் திருமாலுக்கு எழுப்பிய அங்கோர் வாட் ஆலயத்தை, அவ்வளவு தூரம் சென்றவர்கள் தவிர்க்க மனம் கொள்வதில்லை. இங்கேதான் கவனம் வேண்டும். சைகோனில் இறங்கி, கம்போடியா சென்று அங்கோர் வாட்டைச் சேவித்து, ஊர் திரும்பும் விமானத்துக்காக மீண்டும் சைகோனுக்கு வருவோர் வியட்நாமுக்குள் இருமுறை நுழைகின்றனர். அவர்கள் கையில் ஒருமுறை நுழைவு விசா இருந்தால், முதல் முறை நாட்டை விட்டு வெளியேறியவுடன் அதன் பயன் முடிந்துவிடும். 90 நாட்களில் 80 நாட்கள் மீதம் இருந்தாலும் அது செல்லாது. 25 டாலர் மிச்சம் பிடிக்க எண்ணியவர், அயல்நாட்டு விமான நிலையத்தில் பயணப் பையோடும் மருந்துப் பையோடும் நிற்க நேரிடும். ஆகவே இத்தகைய யாத்திரைக்குப் பலமுறை நுழைவு விசாவே உரியது. கம்போடியாவுக்கு வேறு விசா பெற வேண்டும். அந்நாடும் இணையவழியே வழங்குகிறது.

தரைவழியே எல்லை கடப்போர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இணையவழி விசாவை எல்லா எல்லைச் சாவடிகளும் ஏற்பதில்லை. ஏற்கும் சாவடிகளின் பட்டியல் அரசு வலைத்தளத்தில் உண்டு. சைகோனிலிருந்து கம்போடியா செல்லும் நெடுஞ்சாலையிலுள்ள மொக் பாய் சாவடி அப்பட்டியலில் உள்ளது. பட்டியலில் இல்லாத சிறு சாவடி வழியே குழுவின் பேருந்து செல்லுமாயின், பயண ஏற்பாட்டாளரிடம் வழியை மாற்றச் சொல்லலாம். இயலாதெனில் தூதரக விசாவை நாடுவதே தகும்.

தூதரக வழியை நாட வேண்டிய மற்றொரு காரணம் தமிழர்க்கே பெரிதும் உரியது. அது பெயர். தமிழ்நாட்டில் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன் இட்டு வாழ்ந்தவர்களே முதியோரில் மிகுதி. கடவுச்சீட்டிலோ குடும்பப் பெயர் என்று ஓரிடமும் சொந்தப் பெயர் என்று ஓரிடமும் உண்டு. சிலருக்குத் தந்தை பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். சிலருக்கு அவ்விடம் வெறுமையாக விடப்பட்டு, இரு பெயர்களும் ஒரே வரியில் இருக்கும். சுப்பிரமணியன் மகன் வேங்கடராமன் என்று ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். வங்கியில் அவர் 'எஸ். வேங்கடராமன்', ஆதார் அட்டையில் 'வேங்கடராமன் சுப்பிரமணியன்', கடவுச்சீட்டில் வேறொரு முறை. மூன்றும் அவரே என்பதை ஊர் அறியும். எல்லைச் சாவடியில் உள்ள கணினி அறியாது.

விசாப் படிவத்தில் எழுத வேண்டியது கடவுச்சீட்டில் உள்ள பெயர் மட்டுமே. அதன் முகப்புப் பக்கத்தின் அடியில், அம்புக்குறி போன்ற அடையாளங்கள் இடையிட்ட இரண்டு வரிகள் இருக்கும். இயந்திரம் படிப்பது அவ்வரிகளையே. அவற்றில் உள்ளவாறே, ஓர் எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல், பெயரைப் பதிய வேண்டும். குடும்பப் பெயர் இல்லாதவர் படிவம் கேட்கிறதே என்று தாமாக ஒன்றை உண்டாக்கி நிரப்புதல் கூடாது. படிவம் ஏற்கவில்லை என்றால், அல்லது எவ்வாறு எழுதுவது என்னும் ஐயம் தீரவில்லை என்றால், அத்தகையோர்க்குத் தூதரகமே தக்க வழி. அங்குக் கடவுச்சீட்டை நேரே பார்த்து விசாவை எழுதுவோர் மனிதர்கள். நாட்கள் சில கூடுதலாகும். கூரியர் செலவும் உண்டு. கடவுச்சீட்டு சில காலம் கையை விட்டுப் போகும். முதுமையில் மேற்கொள்ளும் பெரும் பயணத்துக்கு இந்தத் தாமதம் பொறுக்கத்தக்கதே.

இணையவழியைத் தேர்ந்தவர்கள் கருத்தில் கொள்ள வேண்டியவை வேறு சில உள. பெரும்பாலும் மகனோ பேரனோதான் படிவத்தை நிரப்பித் தருகின்றனர். நிரப்பிய பின், பணம் செலுத்துவதற்கு முன், கடவுச்சீட்டு எண், பிறந்த நாள், பெயர் ஆகிய மூன்றையும் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கடவுச்சீட்டைக் கையில் வைத்துச் சரிபார்த்தல் நலம். விசா வந்தபின் பிழை தெரிந்தால் பெரும்பாலும் மீண்டும் பணம் செலுத்திப் புதிதாக விண்ணப்பிக்க நேரும். புகைப்படத்தில் மூக்குக் கண்ணாடி அணிந்திருத்தல் ஆகாது. கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதங்களுக்குக் குறையாமல் செல்லுபடியாவதாக இருத்தல் வேண்டும்.

அரசு வலைத்தளத்தைப் போலவே தோற்றம் காட்டும் தனியார் தளங்கள் பல உள்ளன. அவை பன்மடங்கு கட்டணம் கேட்பவை. வியட்நாம் அரசுத் தளத்தின் முகவரி 'ஜி.ஓ.வி.' என்னும் எழுத்துகளும், ஒரு புள்ளியும், 'வி.என்.' என்னும் எழுத்துகளும் கொண்டே முடியும். அவ்வாறு முடியாத தளத்தில் கடவுச்சீட்டையும் வங்கி அட்டையையும் ஒப்படைத்தல் வேண்டா.

நாள் குறிப்பதிலும் நுட்பம் உண்டு. இணையவழி விசாவில் தொடக்க நாளும் முடிவு நாளும் அச்சிடப்பட்டிருக்கும். தொடக்க நாளுக்கு ஒரு மணி நேரம் முன்னர் இறங்கினாலும் அனுமதி இல்லை. வியட்நாம் நேரம் நம் நேரத்தைவிட ஒன்றரை மணி முற்பட்டது; இங்கிருந்து செல்லும் விமானங்கள் பல இரவில் புறப்படுபவை. ஆதலால் பயணச்சீட்டில் உள்ள நாளுக்கு ஓரிரு நாட்கள் முன்பே விசா தொடங்குமாறு விண்ணப்பித்தல் அறிவுடைமை. காத்தே திருவிழாவைத் தரிசிக்க விரும்புவோர், அவ்வாண்டின் விழா நாளை முதலில் உறுதி செய்துகொண்டு, அதன்பின் விசாவுக்கு நாள் குறிக்க வேண்டும். அரசு சொல்லும் காலக்கெடு மூன்று வேலை நாட்கள். ஆயினும் வியட்நாமியரின் புத்தாண்டாகிய தெத் விழாக் காலத்தில், ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ, அலுவலகங்கள் பல நாட்கள் மூடியிருக்கும். பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே விண்ணப்பிப்பவர்க்கு இக்கவலை இல்லை.

விசாவை முதலில் கேட்பவர் வியட்நாம் அதிகாரி அல்லர். நம் ஊர் விமான நிலையத்தில் பயணச்சீட்டைச் சரிபார்க்கும் விமான நிறுவன ஊழியரே. பெயரில் வேறுபாடு கண்டால் அவர் அங்கேயே நிறுத்திவிடக்கூடும். அதனால் இணையவழி விசாவை இரண்டு படிகள் அச்சிட்டு, ஒன்றைக் கைப்பையிலும் மற்றொன்றைத் துணைவரிடமும் வைத்திருத்தல் வேண்டும். கைப்பேசியில் இருக்கிறது என்று துணிந்திருத்தல் போதாது. மின்னூட்டம் தீர்ந்த கைப்பேசி அந்நேரத்தில் உதவாது.

விதிகளும் கட்டணங்களும் அவ்வப்போது மாறக்கூடியவை. ஆகவே புறப்படும் முன் அரசுத் தளத்தை ஒருமுறை பார்த்தல் அவசியம். நேரான வழியும் பெயரில் சிக்கல் இல்லாத கடவுச்சீட்டும் உடையவர்க்கு இணையவழி விசா. பெயரில் ஐயமோ வழக்கமல்லாத எல்லைச் சாவடியோ குறுக்கிட்டால் தூதரகம். இவ்வாறு தெளிந்து புறப்படும் அடியார், பான் ராங் குன்றின் படிகளை மெல்ல ஏறி, சாம் உழவர் வைத்த பசுந்தழைக்கு முன் அமர்ந்திருக்கும் நந்தியை வணங்கி, அதன் நோக்குக்கு நேரே விளங்கும் முகலிங்கத்தைத் தரிசிக்கலாம். தம் ஊர்ச் சிவன் கோயிலில் நிற்பது போன்ற நிறைவு அங்கும் அவர்க்கு வாய்க்கும். அந்தச் சந்நிதி சேர ஈசன் திருவருள் துணை நிற்பதாக.