ஒரு நாள், மூன்று மியூஸியம், ஓர் அத்தை

டில்லிக்குக் குடும்பத்தோடு போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. செங்கோட்டை வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு நேரே கடைத்தெருவுக்கு ஓடுகிறவர்கள் ஒரு வகை. ஜாபிதா போட்டு, கடைசிவரை ஜாபிதாவையே பார்த்துவிட்டு ஊரைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் மற்றொரு வகை. நான் இரண்டாவது வகை.

சென்ற பிப்ரவரியில் போயிருந்தபோது எங்களுக்கு மிஞ்சியது ஒரே ஒரு நாள். என் பெண்ணுக்கு வயது 10. பாடப் புத்தகத்தில் படம் பார்த்த மொகஞ்சதாரோ நடனப் பெண்ணை நேரில் பார்த்தே தீரவேண்டும் அவளுக்கு. 6 வயதுப் பையனுக்கு ரயில். மதுரையிலிருந்து எங்களோடு கிளம்பி வந்த என் அத்தைக்கு வயது 84. காந்திஜி கடைசியாக இருந்த வீட்டைப் பார்க்கவேண்டும் என்பது ஒன்றுதான் அவள் கேட்டது. என் மனைவி எதுவுமே கேட்கவில்லை.

"நான் கேட்டால் நாலாவது இடம் சேரும். இதை யார் தூக்கிக்கொண்டு அலைவது?" என்று தோளில் தொங்கிய சாப்பாட்டுப் பையைக் காட்டினாள்.

காலை 10 மணிக்கு ஜன்பத் சாலையில் இருக்கும் தேசிய மியூஸியத்தில் நுழைந்தோம். இது பிறந்த கதையே சுவாரசியமானது. 1947-48 குளிர்காலத்தில் லண்டனில் நடந்த இந்தியக் கலைக் காட்சிக்காக நாடெங்கிலுமிருந்து சிலைகளும் சித்திரங்களும் போயிருந்தன. அவை திரும்பி வந்ததும், வந்த இடத்துக்கே பிரித்து அனுப்ப மனம் வரவில்லை. ராஷ்டிரபதி பவனத்திலேயே 1949 ஆகஸ்ட் 15 அன்று மியூஸியம் தொடங்கிவிட்டார்கள். இப்போதைய கட்டடம் 1960 டிசம்பரில் திறக்கப்பட்டது. உள்ளே 2 லட்சத்துக்கும் அதிகமான பொருள்கள் இருக்கின்றன. ஒரு நாள் என்ன, ஒரு மாதம் போதாது!

நடனப் பெண்ணைக் கண்டதும் என் பெண்ணின் முகம் வாடிவிட்டது. "இவ்வளவுதானா, அப்பா?"

இவ்வளவுதான். உயரம் பத்தரை சென்டிமீட்டர். 1926-ல் மண்ணிலிருந்து எடுத்தார்கள். வயதோ சுமார் 4,500 வருஷம். இடது கை முழுக்க வளையல்கள். வலது கையை இடுப்பில் ஊன்றியிருக்கிறாள். அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

"யாரோ ஏதோ சொல்லியிருக்கிறான். 'போடா, பார்த்துக்கொள்கிறேன்' என்று நிற்கிறாள்" என்றாள். என் பெண் சிரித்துவிட்டாள். அப்புறம் அந்தக் கண்ணாடிப் பெட்டியை விட்டு நகரவே மாட்டேன் என்றாள்.

மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூடு காட்டி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவது ஒரு முறை. அந்த முறையில் வார்த்த சிலைதான் இது. நம் சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் மெழுகில்தான் தொடங்குகிறார்கள்.

அடுத்தது சாணக்யபுரியில் உள்ள ரயில் மியூஸியம். 1977-ல் திறந்தது. பழைய நீராவி எஞ்சின்கள் வெயில் காய்ந்துகொண்டு நிற்கின்றன. எல்லாவற்றிலும் விசித்திரம், 1907-ல் பாட்டியாலா சமஸ்தானத்தில் ஓடத் தொடங்கிய ஒற்றைத் தண்டவாள ரயில். தண்டவாளம் ஒன்றே ஒன்று. விழுந்துவிடாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் தரையில் உருளும். நம் பையனுக்கு இந்தச் சரித்திரமெல்லாம் எதற்கு? அங்கே ஓடும் பொம்மை ரயிலில் ஒரு சுற்றுப் போய்வந்தான். இறங்க மறுத்து இன்னொரு சுற்றுக்கு அடம் பிடித்தான். சாப்பாட்டுப் பையும் காலியாயிற்று. கடிகாரத்தைப் பார்த்தால் மூன்றரை.

"அத்தை, இன்றைக்குக் களைத்துப் போயிருப்பீர்கள். காந்தி வீட்டை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாமே" என்றேன்.

அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. "அடுத்த தடவையா? யாருக்கடா?" என்று மட்டும் கேட்டாள்.

என் மனைவி அதற்குள் டாக்ஸியைக் கூப்பிட்டுவிட்டாள்.

காந்தி ஸ்மிருதி என்று இன்று பெயர் பெற்ற பழைய பிர்லா மாளிகை அது. காந்திஜி தம் கடைசி 144 நாட்களை இங்கேதான் கழித்தார். அவருடைய அறையில் தரையில் ஒரு படுக்கை, குட்டை மேஜை, ராட்டை. அவ்வளவுதான் ஆஸ்தி. அறையிலிருந்து தோட்டத்துக்குப் போகும் வழியில் அவருடைய கடைசி நடையைக் கல்லில் பாதச் சுவடுகளாகச் செய்து வைத்திருக்கிறார்கள். 1948 ஜனவரி 30. ஐந்து மணிப் பிரார்த்தனைக்குச் சில நிமிஷம் தாமதமாகிவிட்டதே என்று வேகமாக நடந்து வந்திருக்கிறார்.

அத்தை சுவடுகளின் மேல் கால் படாமல் ஓரமாகவே நடந்தாள். நடு வழியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"அப்போது எனக்கு ஏழு வயது. அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. மேலைமாசி வீதியில்தானே அவர் 1921-ல் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அரைத்துணி கட்டிக்கொண்டார்! எங்கள் ஊரில் கட்டிக்கொண்ட துணியிலேயே போய்விட்டாரே என்று அப்பா அழுதார்."

பையன் இதையெல்லாம் கேட்கவில்லை. ஒவ்வொரு சுவட்டுக்கும் பக்கத்தில் தன் குட்டிக் காலை வைத்து அளந்துகொண்டே போனான். கடைசிச் சுவட்டில் நின்று திரும்பிப் பார்த்தான்.

"பாட்டி, இதற்கு மேலே காலையே காணோமே?"

எனக்குப் பதில் வரவில்லை. அத்தை அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதற்கு மேலே உள்ளது நம் மதுரையில் இருக்கிறது. வா, காட்டுகிறேன்."

தமுக்கம் அரண்மனையில் 1959-ல் நேரு திறந்துவைத்த காந்தி மியூஸியத்தைத்தான் சொன்னாள். சுடப்பட்டபோது காந்திஜி உடுத்தியிருந்த ஆடையின் ஒரு பகுதி, ரத்தக் கறையோடு அங்கே சேர்ந்திருக்கிறது. கல்யாணமான புதிதில் அத்தை அதைப் பார்த்தாளாம். அந்தத் துணி விழுந்த இடத்தையும் ஒரு தடவை பார்த்துவிடவேண்டும் என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டே இருந்தாளாம்.

மதுரையிலேயே பிறந்து வளர்ந்து பட்டம் வாங்கியவன் நான். தமுக்கம் மைதானத்தில் பொருட்காட்சி பார்த்திருக்கிறேன், அப்பளம் தின்றிருக்கிறேன். பக்கத்திலிருக்கும் அந்த மியூஸியத்துக்குள் ஒரு நாளும் நுழைந்ததில்லை.

டாக்ஸியில் திரும்பும்போது ஜாபிதாவை எடுத்து நாலாவது இடத்தை எழுதினேன். ஊர் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் அங்கே போனோம். அத்தை முன்னால் நடந்தாள்.