பெல்லாரியிலிருந்து மீனம்பாக்கத்திற்கு

1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி ஜே. ஆர். டி. டாட்டா தபால் மூட்டைகளுடன் கராச்சியிலிருந்து புறப்பட்டு, அகமதாபாத் வழியாகப் பம்பாயின் ஜூஹூ மைதானத்தில் வந்திறங்கிய வரலாறு பலரும் அறிந்ததே. ஆனால் அந்தத் தபாலை அங்கிருந்து பெல்லாரி வழியாக நமது சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் நெவில் வின்ட்சென்ட் என்பதை, தபாலைப் பெற்றுக்கொண்ட ஊரார் நாம் ஏறக்குறைய மறந்தேவிட்டோம். ஆகாயத் தபால் யோசனையை முதலில் டாட்டாக்களிடம் கொண்டு சென்றவரே அவர்தாம். பிரிட்டிஷ் விமானப் படையில் பணியாற்றியவர். 1942-இல், யுத்தகாலத்தில், விமானப் பிரயாணத்திலேயே உயிர் நீத்தவர். அவர் வந்த வழியை ஒருமுறையேனும் நானும் கடந்து பார்க்க வேண்டும் என்ற ஆவல் நெடுநாளாக இருந்தது. ஃப்ளைட் சிமுலேட்டருக்கென்று ஆர்வலர் ஒருவர் மிகுந்த சிரத்தையுடன் உருவாக்கியிருந்த, வின்ட்சென்ட் ஓட்டிய 'புஸ் மாத்' விமானத்தின் ஆட்-ஆன் கைக்கு வந்ததும், அசோக் நகரில் என் வீட்டு மேஜை முன்னால் அமர்ந்தபடியே அந்த ஆவல் நிறைவேறியது.

டி ஹாவிலண்ட் கம்பெனியார் 1929-இல் முதன்முதல் பறக்கவிட்ட இந்தச் சிறு விமானம், எஃகுக் குழாய்ச் சட்டத்தின்மேல் துணி போர்த்தது. தலைகீழாகப் பொருத்திய நான்கு சிலிண்டர் கொண்ட, 120 குதிரைசக்தி ஜிப்ஸி எஞ்சின் அதற்குப் போதுமானதாக இருந்தது. வேகத்தைக் குறைப்பதற்கு அதில் ஓர் உபாயம் உண்டு: சக்கரக் கால்களைப் போர்த்தியிருக்கும் தகட்டு உறைகளை ஒரு நெம்புகோலால் குறுக்காகத் திருப்பினால், அவையே காற்றுக்குத் தடையாகி விமானத்தை நிதானப்படுத்தும். இந்த உறைகளையும் மறவாமல் செய்து வைத்திருக்கிற அந்த ஆர்வலரை மனமாரப் பாராட்டுகிறேன்.

பெல்லாரிக்கும் சென்னைக்கும் ஆகாயமார்க்கமாக ஏறத்தாழ 430 கிலோமீட்டர். மணிக்கு நூறு மைல் வேகத்தில் இரண்டே முக்கால் மணி நேரம். வானொலி இல்லை, வழிகாட்டும் திரை இல்லை. திசைகாட்டியும் கடிகாரமும் மடியில் விரித்த வரைபடமுமே துணை. வரைபடத்தில் நேர்க்கோடு ஒன்று இழுத்தால் அது அனந்தபூருக்கும் திருப்பதிக்கும் மேலாக அநேகமாகப் பிசகின்றியே செல்கிறது. வடபெண்ணையின் வறண்ட மணற்படுகையைக் கண்டதும் கடிகாரத்தைப் பார்த்து, வந்த தூரத்தைக் கணக்கிட்டு, எதிர்க்காற்று எவ்வளவு என்று ஊகித்துக்கொண்டு போகையில்தான், ஜெட் விமானத்தின் ஜன்னலோரம் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் கடந்துவிடும் ராயலசீமையின் வியாபகம் எனக்குப் பிரத்தியட்சமாயிற்று. குன்று, ஏரி, ஊர், ஆறு என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அடையாளம் கண்டாலொழிய அந்தப் பூமியைக் கடக்க முடியாது.

சேஷாசலத்தை நெருங்கியபோது, ஐப்பசி மாதத்துக்கே உரிய மேகம் மலைமுகடுகளை மூடியிருந்தது. இந்த இடத்தில் வின்ட்சென்டை நினையாதிருக்க முடியவில்லை. கொந்தளிப்பான காற்றில் சிறகு முறிந்து புஸ் மாத் விமானங்கள் வீழ்ந்த விபத்துக்கள் அந்த ஆண்டுகளிலேயே பல தேசங்களில் நேர்ந்திருந்தன. அதை அறிந்திருக்கக்கூடிய ஒருவர், அறிந்தும், பிறருடைய கடிதங்களுக்காக இம்மலைகளைத் தாண்டினார் என்பது சாமானியமான காரியமன்று. பெட்ரோல் நெடியையும், எஞ்சின் அதிர்வையும், உயிரச்சத்தையும் எந்த யந்திரமும் என் அறைக்குள் கொண்டுவர இயலாது. ஆயினும், எந்தெந்த இடத்தில் அவர் என்னென்ன தீர்மானிக்க வேண்டியிருந்தது என்பதை அது காட்டிவிடுகிறது. எந்தச் சரித்திரப் புத்தகமும் எனக்கு இவ்வளவு செய்ததில்லை.

மேகத்தைத் தவிர்த்து ரேணிகுண்டாவில் இரும்புப் பாதையைப் பிடித்து, அரக்கோணத்தில் இடப்புறம் திரும்பி, திருவள்ளூரை அணுகும்போது இடக்கைப் பக்கம் பூண்டி நீர்த்தேக்கம் பளபளவென்று விரிந்தது. அழகான காட்சிதான், ஆனால் கொசஸ்தலையாற்றின் குறுக்கே அந்த அணை எழுந்தது 1944-இல். சிமுலேட்டர் இன்றைய பூமியைத்தானே காட்டுகிறது! போரூர் ஏரியைத் தாண்டி, பரங்கிமலையை அடையாளமாக வைத்துக்கொண்டு, மீனம்பாக்கத்தில் இறங்குவதற்கு முன் ஒரு வட்டம் சுற்றினேன். அசோகத் தூணும், அதைச் சூழ்ந்த நிழற்சாலைகளும், மாடி வீடுகளின் நெருக்கமும் கீழே தெரிந்தன. 1932-இல் இவை ஒன்றும் இல்லை. மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுப்பிய தியாகராய நகரே அப்போது பத்து வயது நிரம்பாத குழந்தை.

ஆகையால் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. பழைய விமானத்தை இவ்வளவு சிரத்தையுடன் ஆக்கித் தருகிறவர்கள் உலகில் இருக்க, அது வந்திறங்கிய பழைய சென்னையை ஆக்கித் தருவது நம் ஊர்ப் பிள்ளைகளின் பொறுப்பல்லவா? கணிப்பொறி கற்ற இளைஞர்களுக்கு இந்நகரில் பஞ்சமில்லை. அக்காலத்து நில அளவைப் படங்களும் கிடைக்கக்கூடியவையே. பூண்டியை அகற்றி ஆற்றை ஓடவிட்டு, தூர்ந்த ஏரிகளில் தண்ணீர் நிரப்பி, மீனம்பாக்கத்தில் ஒரு மைதானத்தை விரித்து வைத்தால் போதும். வின்ட்சென்ட் வந்த வழியில் இன்னொரு முறை, அவர் கண்ட நிலத்தின் மேலேயே வந்து இறங்கிவிடலாம்.