மூணு லைட்டும் எரிஞ்சாத்தான்...

எங்கள் தோட்டத்து மோட்டார் ரூமுக்கு நீங்கள் வந்ததில்லை. வந்தால் முதலில் கண்ணில் படுவது ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே சுவரில் அப்பா எழுதி வைத்திருக்கும் ஒரு வரிதான். முதலில் கரிக்கட்டையில் எழுதியது. பிறகு அழியாமல் இருக்க அதன்மேலேயே கறுப்புப் பெயின்ட். ‘மூணு லைட்டும் எரிஞ்சாத்தான் பச்சையை அமுக்கோணும். ரெண்டு எரியறப்ப அமுக்குனா காயில் போயிரும்.’

மூன்று பேஸும் வந்திருக்கிறதா என்று சொல்கிற லைட் அது. மோட்டாரோடு பெட்டியில் கம்பெனி கொடுத்த புத்தகமும் இருந்தது. வழவழ காகிதம், நாலு பாஷை. எங்கள் வீட்டில் யாரும் அதைப் பிரித்துப் படித்ததாக ஞாபகம் இல்லை. ஆள்காரர், அம்மா, பள்ளிக்கூடம் போகிற நான், எல்லோரும் மோட்டார் போட்டது அந்தச் சுவர் வரியை நம்பித்தான்.

இந்த வரி பல வருஷம் கழித்து எனக்கு ஞாபகம் வந்தது 2021 டிசம்பரில், ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை. தங்கச்சி மகன் போன் செய்தான். சரவணம்பட்டியில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் அவனுக்கு வேலை. குரலே சரியில்லை.

“மாமா... டேட்டா போச்சுங்க மாமா.”

“போனா என்ன கண்ணு, வேற எடுத்துக்கலாம்” என்றேன். நான் பி.காம். டேட்டா என்றால் எனக்கு அப்போது ரீசார்ஜ்தான்.

விஷயம் அது இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு இவர்கள் பீஸ் கணக்கு மென்பொருள் போட்டுக் கொடுத்திருந்தார்கள். எந்த டெய்லர் எத்தனை பீஸ் தைத்தார் என்பது அதில் ஏறும். சனிக்கிழமை அதைப் பார்த்துத்தான் சம்பளம். செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாள் கணக்கு அடியோடு காணோம். கடைசியாக பேக்கப் எடுத்தது திங்கட்கிழமை ராத்திரி. இருநூத்திச் சொச்சம் பேருடைய கூலி.

நடந்தது என்ன என்று நீங்களும் தெரிந்துகொள்ளலாம். ரொம்பக் கஷ்டமான சமாச்சாரம் இல்லை.

கன்டெய்னர் என்றால் நமக்குத் தெரிந்தது இருகூர் டிப்போவிலிருந்து தூத்துக்குடிக்குப் போகிற இரும்புப் பெட்டி. உள்ளே பனியனா, பம்பா என்பது லாரிக்குக் கவலை இல்லை, கப்பலுக்கும் இல்லை. 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரிக்காரர் 58 பெட்டிகளை ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பலில் ஏற்றி அனுப்பியதிலிருந்து துறைமுக உலகமே மாறியது. மென்பொருள்காரர்கள் அதே யோசனையைக் கடன் வாங்கினார்கள். ஒரு மென்பொருள் ஓடுவதற்கு வேண்டிய சாமான் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டால், எந்தக் கம்ப்யூட்டரில் இறக்கினாலும் ஓடும். இதற்கான டாக்கர் என்ற மென்பொருளை 2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் ஒரு மாநாட்டில் ஐந்தே நிமிஷத்தில் செய்து காட்டினார். டாக்கர் என்றால் துறைமுகத் தொழிலாளி. சின்னமே முதுகில் பெட்டி சுமக்கிற திமிங்கிலம்!

ஒரு சிக்கல் உண்டு. பெட்டியை அழித்தால் உள்ளே இருப்பதும் அழிந்துவிடும். அதனால் கணக்கு வழக்கு போன்ற முக்கியமானதைப் பெட்டிக்கு வெளியே தனியாக வைப்பார்கள். அதற்கு வால்யூம் என்று பெயர். நம்மூர்ப் பாஷையில் சொன்னால், கடையை மாற்றினாலும் கல்லாப்பெட்டி வீட்டில்.

வியாழன் ராத்திரி சர்வரில் இடம் நிறைந்துவிட்டது. இடம் இல்லாததால் கணக்குப் பெட்டி தானாகவே நின்றுவிட்டது. பையன் நைட் ஷிஃப்ட். அவனுக்கு முன்னால் வேலை பார்த்தவர் எழுதி வைத்த குறிப்பேட்டைத் திறந்தான். ‘இடம் நிறைந்தால்’ என்று தலைப்பு. கீழே ஒரே ஒரு வரி, கட்டளை. பட்டன், படம் எதுவும் இல்லாத கறுப்புத் திரையில் அதை அப்படியே தட்டினான்.

அந்தக் கட்டளை, உபயோகத்தில் இல்லாததையெல்லாம் துடைத்துப் போடுவது. முதலில் நின்றுபோன பெட்டிகள். கணக்குப் பெட்டி நின்றுதானே இருந்தது? போயிற்று. பெட்டி போனதும் அதன் வால்யூமுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. எனவே அதுவும் உபயோகத்தில் இல்லாதது. கல்லாப்பெட்டியும் போயிற்று.

சாதாரணமாக அந்தக் கட்டளையைக் கொடுத்தால் மென்பொருள் உடனே செய்துவிடாது. ‘இன்னின்னதை அழிக்கப் போகிறேன், சரிதானா?’ என்று பட்டியல் போட்டுக் கேட்கும். குறிப்பேட்டுக்காரர் கட்டளையின் வாலில் ‘எஃப்’ என்று ஓர் எழுத்து சேர்த்திருந்தார். கேட்காமல் செய் என்று அர்த்தம். கேட்கிற வாயை அடைத்துவிட்டு, கல்லாவையும் சேர்த்து அழி என்ற வார்த்தையையும் ஒட்டி வைத்திருக்கிறார். தப்பு செய்யும் எண்ணம் அவருக்கு இருந்திருக்காது. எழுதிய அன்றைக்கு அவர் சர்வரில் கல்லாப்பெட்டி எதுவும் இருந்திருக்காது. அவ்வளவுதான்.

“நீயும் கூடப் போய்ட்டு வாண்ணா. பையன் மூஞ்சியே சரியில்ல” என்றாள் தங்கச்சி. போனேன்.

திருப்பூர்க் கம்பெனியில் நான் எதிர்பார்த்தது கூச்சல். கூச்சல் கொஞ்சம் இருந்தது. ஆனால் மேனேஜர் ஒரு காரியம் செய்தார். டெய்லர்களிடம் போய், “அவங்கவங்க நோட்டைக் குடுங்க” என்று கேட்டார். உங்களுக்கு இது தெரியுமோ என்னவோ... பீஸ் ரேட்டில் தைக்கிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் சொந்தமாக ஒரு பாக்கெட் நோட்டு வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, அன்றைக்குத் தைத்ததை அன்றைக்கே எழுதிவிடுவார்கள்.

நான் நோட்டுகளைப் படிக்க, மூன்று பையன்கள் தட்டினார்கள். சாயங்காலம் வரை இதே வேலை. அதில் ஒரு அக்காவின் நோட்டு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. தேதி, ஸ்டைல் நம்பர், எந்தத் தையல், எத்தனை பீஸ், என்ன ரேட். ஓரத்தில் சின்ன எழுத்தில்: ‘சூப்பர்வைசர் எண்ணியது 118. நான் எண்ணியது 121. மூணு பீஸ் அடுத்த கட்டில் இருக்கு.’ என்ன நடந்தது, ஏன் கணக்கு இடிக்கிறது, எங்கே போய்ப் பார்க்கலாம், எல்லாம் ஒரு வரியில். வேறு யாரோ ஒருநாள் இதைப் படிக்கப் போகிறார்கள், அவர்கள் தன்னை நம்பமாட்டார்கள் என்று தெரிந்து எழுதிய எழுத்து அது.

நோட்டு இல்லாதவர்களுக்குப் பக்கத்து மெஷின்காரர் சாட்சி. கொஞ்சம் முன்னே பின்னே இருந்திருக்கும். சனிக்கிழமை சம்பளம் நின்றுபோகவில்லை.

திரும்பி வரும்போது பையன் பேசவே இல்லை. அவிநாசி தாண்டியதும், “நான் படிக்காம தட்டுனது தப்புங்க மாமா” என்றான். படிக்க அங்கே என்ன இருந்தது?

நாங்கள் பி.காமில் ஜர்னல் என்ட்ரி போட்டால், கீழே அடைப்புக்குறிக்குள் ‘பீயிங்’ என்று ஆரம்பித்து ஒரு வரி எழுத வேண்டும். வாடகை கொடுத்ததற்காக, சரக்கு வாங்கியதற்காக என்று. அதற்கு நரேஷன் என்று பெயர். எழுதாமல் விட்டால் அரை மார்க் போய்விடும். எதற்கு இந்த வெட்டி வேலை என்று அப்போது கடுப்பாக இருக்கும். பத்து வருஷம் கழித்து லெட்ஜரைத் திறக்கிற ஆடிட்டருக்குத்தான் அது என்று வாத்தியார் சொல்வார். அந்தக் குறிப்பேட்டில் என்ட்ரி இருந்தது, நரேஷன் இல்லை.

அதற்கப்புறம் எனக்கு இதில் ஒரு பித்து பிடித்துக்கொண்டது. கட்டளைகளுக்கு விளக்கம் எழுதுவது புதுசு இல்லை. யுனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி என்ற இரண்டு பெரிய மனிதர்கள் எழுதியது. அதில் ஒவ்வொரு கட்டளைக்கும் கீழே ‘குறைகள்’ என்று ஒரு தலைப்பு உண்டு. இது எங்கே சொதப்பும் என்று செய்தவர்களே ஒப்புக்கொள்கிற இடம். இதற்கு யார் பொறுப்பு என்றும் போட்டிருப்பார்கள். மிக்ஸி வாங்கினால் எந்தக் கம்பெனியாவது இப்படி எழுதித் தருமா?

அந்த நேர்மைக்கு வணக்கம். ஆனால் அவர்கள் வழியில் வந்த கையேடுகள் பெரும்பாலும் டெலிபோன் டைரக்டரி மாதிரி, அகர வரிசை. டாக்கரில் ஒரு பெட்டியை ஓட்டுவதற்கான கட்டளையிடம் ‘உதவி’ என்று கேட்டால் நூறுக்குப் பக்கம் விருப்பங்கள் கொட்டும். தினமும் வேண்டியதும், ஆயுசுக்கு ஒருமுறை வேண்டியதும் ஒரே வரிசையில் நிற்கும்.

பையன் ஒருநாள் அதில் ஒரு வரியைக் காட்டினான். பெட்டிக்குள்ளே இருக்கிற போர்ட்டை வெளியே திறந்து விடுவது. 8080:80 என்று எழுதுகிறார்கள்.

“இதுல எது வெளி, எது உள்ளே?” என்று கேட்டேன்.

“இடது பக்கம் வெளிங்க மாமா. வலது பக்கம் பெட்டிக்குள்ள.”

“அது இந்த வரியில எங்க இருக்கு?”

இல்லை. பெட்டியின் போர்ட்டை வெளியே காட்டும் என்பதோடு அந்த உதவி வரி முடிந்துவிடுகிறது. எது முன்னால், எது பின்னால் என்பதற்கு விரிவான கையேட்டைப் புரட்ட வேண்டும். பற்று இடது, வரவு வலது என்பதை முதல் நாள் முதல் பீரியடில் சொல்லிவிட்டுத்தான் எங்களுக்குக் கணக்கியலே ஆரம்பித்தார்கள். அதைச் சொல்லாமல் லெட்ஜரைக் கையில் கொடுத்தால் என்ன ஆகும்!

குறை மட்டும் சொல்லக் கூடாது. திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். டாக்கரில் மேல்மட்டக் கட்டளைகள் மட்டும் நாற்பது வரை பெருகிவிட, 2017 ஜனவரியில் வந்த 1.13 பதிப்பில் அவற்றைப் பிரித்து அடுக்கினார்கள். பெட்டி சம்பந்தப்பட்டது ஒரு கட்டு, வால்யூம் ஒரு கட்டு. பழைய கட்டளைகளும் வேலை செய்யும்படியே விட்டார்கள். பழகிய கை கேட்காது அல்லவா? 2023-ல் வந்த 23-ம் பதிப்பிலிருந்து, வால்யூம்களைத் துடைக்கச் சொன்னால் பெயர் வைத்த வால்யூமைத் தொடுவதில்லை. பெயர் இல்லாததை மட்டும்தான் அழிக்கும். எங்கள் பையனுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் தாமதம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ‘டிஎல்டிஆர்’ பக்கங்கள். நீளமாக இருக்கிறது, படிக்கவில்லை என்பதன் சுருக்கம். 2013-ல் ஆரம்பித்து, உலகம் முழுவதும் இருந்து தன்னார்வலர்கள் எழுதுகிறார்கள். ஒரு கட்டளைக்கு அதிகபட்சம் எட்டு உதாரணம். ஒவ்வொன்றிலும் இது எதற்கு என்று முதலில் ஒரு வரி, பிறகுதான் கட்டளை. நரேஷன் முதலில், என்ட்ரி பிறகு! தமிழிலும் பக்கங்கள் இருக்கின்றன. சம்பளம் வாங்காமல் யாரோ உட்கார்ந்து மொழிபெயர்த்திருக்கிறார்கள். 2012-லிருந்து ‘கணியம்’ காரர்கள் லினக்ஸையும் கட்டற்ற மென்பொருளையும் எளிய தமிழில் எழுதி இலவசமாகவே தருவதும் இதே ஜாதி வேலை. இவர்களுக்கெல்லாம் யாராவது மாலை போட்டு நான் பார்த்ததில்லை.

பையன் வேலையை இழக்கவில்லை. குறிப்பேட்டைத் திருத்தும் வேலையை அவன் தலையிலேயே கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினான். எனக்குப் புரியாத வரியெல்லாம் அடித்து எழுதப்பட்டது. என் அறியாமைக்கு அவ்வளவு மரியாதை அதற்கு முன் கிடைத்ததில்லை.

‘இடம் நிறைந்தால்’ பக்கம் இப்போது கட்டளையோடு ஆரம்பிப்பதில்லை. மூன்று கேள்விகளோடு ஆரம்பிக்கிறது. இடத்தை அடைத்திருப்பது எது? கணக்குப் பெட்டி ஓடுகிறதா, நின்றுவிட்டதா? இன்றைய பேக்கப் இருக்கிறதா? மூன்றுக்கும் பதில் தெரிந்தால் மட்டும் கீழே போகவும். தாத்தாவின் சுவரை அவன் பார்த்திருக்கிறான். அங்கிருந்து எடுத்தானா என்று நான் கேட்கவில்லை.

எழுதி முடித்ததும், “அருமை கண்ணு” என்றேன். அவனுக்குத் திருப்தி இல்லை. முந்தின வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் காகிதத்தைக் கொடுத்து, சோதனை சர்வரில் செய்யச் சொல்லிவிட்டு, வாயே திறக்காமல் பின்னால் நின்றிருக்கிறான். அன்று சாயங்காலம் போன்.

“நாலாவது வரியிலயே நின்னுட்டாங்க மாமா.”

“ஏனாம்?”

“‘வால்யூம் பேரைப் பாத்துக்கவும்’னு எழுதியிருக்கோம். ‘எங்க போய்ப் பாக்கறதுங்க’ன்னு கேக்கறாங்க.”

நானும் அந்த வரியை நாலு தடவை படித்திருந்தேன். எனக்குத் தோன்றவே இல்லை.

“ஞாயித்துக்கிழமை வரட்டுங்களா?” என்றான்.

“வா. காயிதம் கொண்டா.”