இணையதளத் தொழிலும் அமானிதமும்

வணிகமும் எழுத்தும் நம் முன்னோர்க்கு இருவேறு துறைகளாக இருந்ததில்லை. கடல் கடந்து பொருளீட்டிய தமிழ் முஸ்லிம்கள் கணக்கேட்டைக் கையோடு கொண்டு சென்றனர். தாய்மொழியாம் தமிழை அரபு எழுத்தில் வடித்து, அரபுத் தமிழ் என்னும் தனியொரு மரபையும் வளர்த்தனர். அம்மரபின் வழிவந்தோர்க்கு, எழுத்தையே சரக்காகவும் கடையாகவும் கொண்ட ஒரு தொழில் வாய்த்திருப்பது வியப்பன்று. அதுவே இணையதளம் அமைத்துத் தரும் தொழில். தமிழ் இலக்கியம் பயின்று, எந்த நிறுவனத்திலும் ஊதியத்திற்கு அமராமல், இதனைத் தனித்தொழிலாகவே நடத்தி வருகிறோம். இத்தொழிலின் இயல்பையும், இதில் நாம் எதிர்கொண்ட ஓர் அறச்சிக்கலையும் இம்மலர் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

இணையத்தில் தமிழ்

1989 ஆம் ஆண்டு, ஜெனீவா நகரை அடுத்துள்ள செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ என்னும் ஆங்கிலேய அறிஞர் வையவிரிவலை குறித்த தம் திட்டத்தை முன்வைத்தார். 1993 ஏப்ரல் 30 அன்று, அந்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அவ்வாய்வகம் அறிவித்தது. தெருமுனையில் பெட்டிக்கடை வைத்திருப்பவரும் உலகறிய ஒரு தளம் வைத்துக்கொள்ள முடிகிறது என்றால், அதற்கு அடிப்படை அந்த அறிவிப்பே. இந்தியப் பொதுமக்களுக்கு இணையம் கிட்டியது 1995 ஆகஸ்டு 15 அன்று. விதேஷ் சஞ்சார் நிகம் என்னும் அரசு நிறுவனம் அச்சேவையைத் தொடங்கியது.

தொடக்கத்தில் தமிழின் நிலை இரங்கத்தக்கதாகவே இருந்தது. ரோமன் எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் உருவங்களைப் பொருத்தி எழுத்துருக்கள் செய்யப்பட்டன. அரபுத் தமிழில் மொழி தமிழாகவும் உடை அரபாகவும் இருந்தது போல, இங்கே கண்ணுக்குத் தெரிவது தமிழாகவும் கணினியின் உள்ளே கிடப்பது ரோமனாகவும் இருந்தது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அரபுத் தமிழைக் கற்றவர் எவரும் படித்தனர். இந்த எழுத்துருக்களோ, ஒருவர் செய்தது மற்றவர் கணினியில் இல்லையெனில் பொருளற்ற குறிகளாகவே தோன்றின. இக்குறையைக் களைய 1997 இல் சிங்கப்பூரிலும் 1999 இல் சென்னையிலும் தமிழிணைய மாநாடுகள் கூடின. 1991 இல் வெளிவந்த யூனிகோடு என்னும் ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கென 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. அவ்வொருங்குறியைத் தமிழ்நாடு அரசு 2010 இல் ஏற்றுக்கொண்டது.

இவ்வரலாறு நமக்கு அன்றாட வேலையாகவே வந்து சேர்கிறது. பழைய எழுத்துருவில் அச்சான ஆண்டு மலரை இணையத்தில் ஏற்றித் தருமாறு கேட்போர் பலர். பழைய முறையில் 'கெ' என்னும் எழுத்துக்குக் கொம்பு முதலிலும் ககரம் அடுத்தும் சேமிக்கப்பட்டிருக்கும். ஒருங்குறியிலோ, கண்ணுக்குக் கொம்பு முன்னே தெரிந்தாலும், உள்ளே மெய்க்குரிய உருவமே முதலில் நிற்கும். உயிர்க்குறி அதனைத் தொடரும். உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்று இலக்கண வகுப்பில் கற்றதே இங்கு விதியாக நிற்கக் கண்டு மகிழ்ந்தோம். தமிழ் பயின்றவர்க்குக் கணினி அயல்நிலம் அன்று என்பதற்கு இஃதொன்றே போதிய சான்று.

மூன்று சாவிகள்

இணையதளம் ஒன்றைக் கடைக்கு ஒப்பிடலாம். டொமைன் என்று வழங்கும் தளப்பெயர் கடையின் பெயர்ப்பலகை. ஹோஸ்டிங் எனப்படும் சர்வர் இடம், கடை நிற்கும் மனை. உள்ளே சென்று பக்கங்களைத் திருத்த உதவும் கடவுச்சொல், கல்லாப்பெட்டியின் சாவி. கடையைக் கட்டும் பொருள்களுக்கு இன்று பெருஞ்செலவில்லை. 2003 இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. தளத்திற்கும் பார்வையாளருக்கும் இடையே செல்லும் செய்திகளைப் பிறர் படிக்காமல் காக்கும் சான்றிதழை, 'லெட்ஸ் என்க்ரிப்ட்' என்னும் அமைப்பு 2015 முதல் விலையின்றி வழங்கி வருகிறது. நாம் விலை பெறுவது உழைப்புக்கும் அறிவுக்குமே.

ஆயின், தளப்பெயரை ஒருவரும் நிரந்தரமாக விலைக்கு வாங்குவதில்லை. ஓராண்டுக்கோ சில ஆண்டுகளுக்கோ கட்டணம் செலுத்திப் பதிந்து, மீண்டும் மீண்டும் புதுப்பித்து வர வேண்டும். பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே அதற்கு உரியவராகக் கருதப்படுவார். புதுப்பிக்கத் தவறினால், தவணைக்காலம் கடந்தபின் அப்பெயரை வேறெவரும் பதிந்துகொள்ளலாம்.

அரிசி வணிகரும் உம்ரா பயணம் நடத்துபவரும் சிறு பள்ளியின் தாளாளரும் இந்நுணுக்கங்களை அறிய மாட்டார். "எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி" என்று கூறிவிடுவர். தளம் அமைப்பவர் தம் பெயரிலும் தம் மின்னஞ்சலிலும் அனைத்தையும் பதிந்துவிடுவார். பின்னர் அவர் வேறூர் சென்றாலோ, மனக்கசப்பு நேர்ந்தாலோ, வணிகர் தம் கடைப்பெயருக்குத் தாமே அயலாராகி நிற்க நேர்கிறது. முன்னவர் தளப்பெயரை விடுவிக்கப் பெருந்தொகை கேட்கிறார் என்று கலங்கி நம்மிடம் வந்தோரைக் கண்டிருக்கிறோம்.

நம் கைக்கு வந்த சோதனை

நம்மிடமும் ஒருவருடைய சாவிகள் இருந்தன. தோல்பொருள் ஏற்றுமதி செய்யும் வணிகர் ஒருவர்க்கு 60,000 ரூபாய்க்குத் தளம் அமைத்துத் தந்தோம். மூன்று தவணை என்பது பேச்சு. இரண்டு தவணைகள் முறையாக வந்தன. தளம் நிறைவுற்றது, அயல்நாட்டு விசாரணைகளும் அதன்வழி அவர்க்கு வரத் தொடங்கின. மூன்றாம் தவணையான 20,000 ரூபாய் மட்டும் வரவில்லை. "நாளை" என்றார், "அடுத்த வாரம்" என்றார், பிறகு தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திக்கொண்டார். நம் இல்லத்தின் அம்மாதச் செலவு அத்தொகையை நம்பியே இருந்தது.

இதே தொழில் செய்யும் நண்பர் ஒருவர் வழி சொன்னார்: "தளத்தை ஒரே ஒரு நாள் முடக்கி வையுங்கள். மறுநாள் பணம் வீடு தேடி வரும்." அது பொய்யான வழியன்று, நிச்சயம் பலிக்கக்கூடியதே. சர்வரின் சாவி நம் கையில் இருந்தது. ஒரு நிமிட வேலை.

ஆயினும் மனம் துணியவில்லை. நம் மஹல்லாவின் ஹஜ்ரத் அவர்களிடம் சென்று நிலையைக் கூறினோம். அவர்களுக்குச் சர்வரும் தெரியாது, டொமைனும் தெரியாது. பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே கேட்டார்கள்: "தம்பி, அந்தச் சாவியை அவர் உங்களிடம் அடைமானமாகக் கொடுத்தாரா, அமானிதமாகக் கொடுத்தாரா?"

நம்மிடம் மறுமொழி இல்லை. வேலை நடைபெற வேண்டும் என்பதற்காக நம்பித் தந்த சாவியே அது. கடனுக்கு ஈடாக அவரும் தரவில்லை, நாமும் கேட்கவில்லை.

ஹஜ்ரத் அவர்கள் திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தை நினைவூட்டினார்கள். அதன் 282 ஆம் வசனமே திருமறையின் மிக நீண்ட வசனம். அது கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளோடு எழுதி வைப்பது பற்றியது. அடுத்த வசனம் அடைமானத்தையும் பேசுகிறது. நம்பி ஒப்படைக்கப்பட்டதை உரியவரிடம் நிறைவேற்றித் தருவதையும் பேசுகிறது. இரண்டும் ஒரே வசனத்தில் அருகருகே இருந்தும், ஒன்று மற்றொன்றாகிவிடவில்லை. ஈடென்று பேசிப் பெற்றதே அடைமானம். நம்பித் தந்தது அமானிதம்.

மேலும் ஒரு நிகழ்ச்சியையும் கூறினார்கள். 622 ஆம் ஆண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவைத் துறந்து மதீனா ஏகினார்கள். அவ்வேளையில் மக்காவாசிகள் தம்மிடம் வைத்திருந்த பொருள்களை உரியவர்களிடம் சேர்ப்பிக்க அலீ (ரலி) அவர்களை அவ்வூரிலேயே விட்டுச் சென்றார்கள். துன்புறுத்திய ஊரின் பொருளையும் அவர்கள் ஈடாகப் பிடித்து வைக்கவில்லை.

அன்றிரவே மூன்று சாவிகளையும் எழுத்தில் அவ்வணிகரிடம் ஒப்படைத்துப் பெற்றமைக்குச் சான்றும் கேட்டோம். பாக்கித்தொகைக்குத் தனியே கடிதம் விடுத்தோம். நான்கு திங்களுக்குப் பின் 10,000 ரூபாய் வந்தது. எஞ்சிய தொகை இன்றும் நம் சிட்டையில் வரவேண்டிய பாக்கியாகவே நிற்கிறது. அதனைக் கேட்பதை நாம் விடவில்லை. அது நம் உரிமை.

இவ்விடத்தில் சமுதாயப் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை மாலை கொத்தனாருக்குக் கூலியை எண்ணித் தந்துவிட்டே வீடு திரும்பும் பெருமக்கள், கணினி முன் அமர்ந்து உழைக்கும் இளைஞனின் கூலியை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதைக் காண்கிறோம். செங்கல்லும் சுண்ணாம்பும் கண்ணுக்குத் தெரிகின்றன, இவ்வுழைப்புத் தெரிவதில்லை. கூலியைத் தாமதியாது தரப் பணித்த மார்க்கம் நம்முடையது. சாவி தொழில் செய்பவனிடம் அமானிதம் எனில், கூலி கொடுப்பவரிடம் அவனது உழைப்பும் அமானிதமே.

எழுத்தில் அமையட்டும்

1957 ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்னும் வகையிலேயே சேர்த்துள்ளது. தமிழ்த்துறையினர் புன்முறுவலுடன் ஏற்கத்தக்க செய்தி இது! ஊதியத்திற்கு அமர்ந்தவர் தம் வேலையின் பகுதியாக எழுதும் நிரல் பொதுவாக நிறுவனத்தைச் சேரும். வேறு உடன்பாடு இல்லாதவிடத்துத் தனித்தொழில் செய்பவர் எழுதும் நிரலோ முதலில் எழுதியவரையே சேரும். அவ்வுரிமையை மாற்றித் தர எழுத்து வடிவான உடன்படிக்கை தேவை. எத்தனை ஆண்டுக்கு என்று அதில் குறிக்காவிடில் ஐந்தாண்டுக்கே என்று சட்டம் கொள்ளும். ஆகவே, பணம் முழுவதும் தந்துவிட்டேன் என்று எண்ணும் வணிகர்க்கும் எழுத்து வேண்டும். உழைத்தவர்க்கும் எழுத்து வேண்டும்.

இன்று நாம் எழுதிக்கொள்ளும் உடன்படிக்கை இரண்டு பக்கமே. தளப்பெயர் முதல்நாளிலேயே வணிகர் பெயரிலும் அவருடைய மின்னஞ்சலிலும் பதியப்படும். எத்தனை பக்கங்கள், எத்தனை முறை திருத்தம், செய்திகளையும் படங்களையும் தருபவர் எவர், ஆண்டுப் புதுப்பிப்பு எவர் பொறுப்பு என்பன வரையறுக்கப்படும். தளம் முதலில் சோதனை முகவரி ஒன்றில் காட்டப்படும். இறுதித் தவணை வந்தபின் வணிகரின் தளப்பெயருக்கு மாற்றப்படும். நிரலின் உரிமையும் அன்றே கைமாறும். முன்கூட்டி இருவரும் அறிந்து ஒப்பியதால், பணம் வரும்வரை தளத்தை நிறுத்தி வைப்பதில் வஞ்சனை இல்லை.

மாணவச் செல்வங்கள் இத்தொழிலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. பிழையின்றி எழுதவும், பிறர் சொல்வதைக் கேட்டு அதன் கருத்தைச் சுருங்கச் சொல்லவும் தமிழ்த்துறை உங்களைப் பழக்குகிறது. நிரலை ஓராண்டு முயற்சியில் கற்கலாம். ஆனால் பிறருடைய கடையின் சாவி உங்கள் கைக்கு வரும் நாளில் அதனை எப்படி வைத்திருப்பது என்பதை எந்த நூலும் உங்களுக்காகச் செய்துவிடாது. அந்நாளில் உறுதியாய் நிற்கும் உள்ளத்தையும், உழைப்பில் பரக்கத்தையும் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!